மடக்கு சைக்கிள்: பணக்கார வீட்டு பொம்மையா?

மடக்கு நாற்காலி தெரியும். மடக்குக் கட்டில் தெரியும். மடக்குக் குடையும் தெரியும். ஆனால் தேசூர் மாதிரி ஊரில் மடக்கு சைக்கிளோடு ஒருவன் வந்து இறங்கினால் "என்னப்பா, சர்க்கஸ்ல இருந்து வாங்கிட்டு வந்தியா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்!

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது விளையாட்டுச் சாமான் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பாராசூட் வீரர்களுக்காக பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் மடக்கு சைக்கிள் செய்து கொடுத்தது. 1975-ல் ஆண்ட்ரூ ரிச்சி என்ற இன்ஜினியர் லண்டனில் தான் குடியிருந்த அறையிலேயே ஒன்றை வடிவமைக்க ஆரம்பித்தார். எதிரே இருந்த பிராம்ப்டன் சர்ச்சின் பெயரையே அதற்கு வைத்தார். பழகிய கைக்கு 20 விநாடி போதும், சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரும்பாலான மாடல்களின் எடை 10 முதல் 12 கிலோ. 2022-ல் வந்த டைட்டானியம் மாடல் 7.5 கிலோவுக்கும் குறைவு. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, வாங்கியவருக்கு முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

முதலில் ஹேண்டில் ஆடும். சக்கரம் 16 இன்ச் அல்லது 20 இன்ச்தான் என்பதால், லேசாகத் திருப்பினாலே வண்டி வெடுக்கென்று திரும்பும். பெரிய சைக்கிளில் கையை விட்டு ஓட்டிய வீரர்கள் எல்லாம் இதில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும் :-) இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

அடுத்தது, "சின்னச் சக்கரமாச்சே, காலு வலிக்க மிதிக்கணுமே?" என்ற சந்தேகம். இது தவறு. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அதைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஒரு மிதிக்கு ஏறக்குறைய பெரிய சைக்கிள் போகும் தூரம் இதுவும் போகும். சக்கரம் லேசானது என்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கும். 1962-லேயே அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்து, இது வேகமாகவும் ஓடும் என்று காட்டிவிட்டார்.

உண்மையான தொல்லை பள்ளம்தான். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். அந்த அதிர்ச்சி நேராக முதுகுக்கு வரும். கிராமச் சாலையில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, இதில் சுமை ஏற்ற முடியாது. தறிக்கு வேண்டிய பாவு, ஊடை, ஜரிகை வாங்கி வரவும், நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பெரிய கேரியர் உள்ள பழைய சைக்கிள்தான் லாயக்கு. அதோடு போட்டி போட இது பிறக்கவில்லை.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் டயர். பிராம்ப்டனின் 16 இன்ச்சும் குழந்தைகள் சைக்கிளின் 16 இன்ச்சும் பெயரில்தான் ஒன்று, அளவில் வேறு. உள்ளூர்க் கடையில் கிடைக்காது. 20 இன்ச் மாடல்கள் பெரும்பாலானவற்றுக்குச் சிறுவர்கள் ஓட்டும் பி.எம்.எக்ஸ். டயர் அளவே பொருந்தும். சின்ன ஊர்க்காரர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் இதனால் என்னதான் பயன்? இதன் பயன் பஸ்ஸில்தான் தெரியும்.

தேசூருக்கு ரயில் கிடையாது. வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணி எங்கே போனாலும் பஸ்தான். சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து கல்லூரி போகும் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பஸ் ஏறும் இடம் வரை நடை. இறங்கியபின் கல்லூரி வரை மறுபடி நடை, இல்லை ஷேர் ஆட்டோ. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு வேண்டுமே! பள்ளியில் கிடைத்த இலவச சைக்கிள் இருக்கிறது, ஆனால் அது பஸ்ஸில் ஏறாது. காலையில் ஒரு முனையில் விட்டுப் போனால் மறுமுனையில் இல்லை. இந்த இரண்டு முனைகளையும் சேர்க்கக்கூடிய வண்டி மடக்கு சைக்கிள் ஒன்றுதான்.

சிங்கப்பூரில் 2008-ல் சோதனையாகத் தொடங்கி, பிறகு மெட்ரோ ரயிலில் மடக்கு சைக்கிளை நிரந்தரமாக அனுமதித்தார்கள். பெங்களூரு மெட்ரோ 2020-ல் அனுமதித்தது. மெட்ரோவுக்கு ஒரு நியாயம், மொபசல் பஸ்ஸுக்கு ஒரு நியாயமா? இத்தனை அளவு, இத்தனை கிலோவுக்குள் இருந்தால் கட்டணமில்லாத லக்கேஜ் என்று தெளிவாக விதி எழுதிப் பஸ்ஸிலேயே ஒட்டிவைத்தால் கண்டக்டருக்கும் சண்டை இல்லை, மாணவருக்கும் சங்கடம் இல்லை. நெரிசல் நேரத்தில் முடியாது என்பார்கள். நியாயம்தான். டிரைவர் பின்னாலோ கடைசி சீட்டுக்குக் கீழேயோ இரண்டு சைக்கிளுக்கு மட்டும் இடம் ஒதுக்கிப் பார்க்கலாமே!

அடுத்த தடை விலை. ஆரம்ப மாடலே பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. பிராம்ப்டன் என்றால் லட்சத்துக்கு மேல். ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்கவே பல நாள் ஆகும் வீட்டில் இது பெரிய தொகை. 1949-லேயே சைக்கிள் கம்பெனி தொடங்கிய மாநிலம் இது. 2001-02-ல் ஆரம்பித்து லட்சக்கணக்கான மாணவர்களுக்கு சைக்கிள் கொடுத்த மாநிலமும் இதுதான். இங்கே மலிவான, உறுதியான ஒரு மடக்கு சைக்கிள் செய்ய முடியாதா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோதும் முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிக்கொண்டது. மடக்கு சைக்கிளுக்கும் அந்தச் சிரிப்பு ஒரு தடையே அல்ல. பஸ்ஸில் இடமும் கையில் அடங்கும் விலையும்தான் வேண்டும்.

முழப் புடவையை உள்ளங்கை அகலத்துக்கு மடித்துப் பெட்டியில் வைக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு சைக்கிளை மடித்து பஸ்ஸில் வைப்பதா பெரிய வித்தை? நீங்களே சொல்லுங்கள்.