பங்கின் விலையும் பத்தாண்டு இலாபமும்

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புக்களோடு பழகினார் யாவரும் ஓர் உண்மையை நன்கறிவர். முந்திரி ஆண்டுதோறும் ஒரே அளவாக விளைவதன்று. பூக்கும் பருவத்தில் மேகமும் மூடுபனியும் மிகுந்தால் பூங்கொத்துக் கருகும். தேயிலைக் கொசு தாக்கினால் தளிர் வாடும். மற்றோராண்டில் வானும் காற்றும் இசைந்து நின்று, கிளைதோறும் கொட்டை தொங்கும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயலோ, ஒரு தலைமுறை வளர்த்த முந்திரியையும் பலாவையும் சில நாழிகைக்குள் வேரோடு சாய்த்தது.

இத்தகைய தோப்பொன்றை விலைக்கு வாங்கப் புகும் முதியவர் ஒருவர், "சென்ற ஆண்டு எவ்வளவு விளைந்தது?" என்று மாத்திரம் கேட்டு அமையமாட்டார். "நல்ல ஆண்டில் எவ்வளவு? கெட்ட ஆண்டில் எவ்வளவு? கூட்டிக் கழித்து ஆண்டொன்றுக்கு என்ன தேறும்?" என்று கேட்டே முன்பணம் நீட்டுவார். அவர் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். ஆயின், அவரிடம் உள்ள இவ்வறிவு, பட்டம் பெற்றுப் பங்குச் சந்தையில் பணம் இடும் நம்மவர் பலரிடம் இல்லை. இக்குறையையும் அதனை நீக்கும் வழியையும் எடுத்துரைத்தலே ஈண்டு நம் நோக்கம்.

கம்பெனியின் பங்கொன்றை விலை மதிக்க இக்காலத்தார் பெரிதும் கையாளும் அளவுகோல் விலை-இலாப விகிதம் ஆகும். பங்கின் விலையை, அப்பங்கு ஒன்றுக்குச் சென்ற ஓராண்டில் கிடைத்த இலாபத்தால் வகுக்க வரும் எண் அது. எண் சிறிதாயின் பங்கு மலிவு என்றும், பெரிதாயின் கிராக்கி என்றும் கொள்ளுவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை நம்பியே இவ்வழக்கம் நிற்கின்றது. அப்பழமொழி சோற்றுக்குப் பொருந்தும். ஒரே நெருப்பில், ஒரே நீரில் வெந்த பருக்கைகள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் இயல்பு. ஆண்டுகளோ அங்ஙனம் ஒத்திருப்பன அல்ல.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். தோப்பொன்றின் பத்தாண்டு வரவு, செலவு நீக்கி, இன்றைய ரூபாய் மதிப்பில் வருமாறு இருந்ததாகக் கொள்க: ஏழு ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ரூ. 30,000, இரண்டு தீய ஆண்டுகளில் ரூ. 5,000, ஒரு பேராண்டில் ரூ. 80,000. மொத்தம் ரூ. 3,00,000; சராசரி ரூ. 30,000. சென்ற ஆண்டே அப்பேராண்டு ஆயின், விற்பவர், "எட்டாண்டு வரவைத்தானே விலையாகக் கேட்கின்றேன்" என்று ரூ. 6,40,000 சொல்லுவார். கேட்பதற்கு மலிவுதான். சராசரியால் வகுத்துப் பார்ப்பின், அது இருபத்தோராண்டு வரவுக்கும் மேற்பட்ட விலை என்பது புலனாகும். மாறாக, சென்ற ஆண்டு தீய ஆண்டாக இருந்து, மகள் திருமணத்தின் பொருட்டு ஒருவர் அதே தோப்பை ரூ. 1,00,000-க்கு விற்க முன்வந்தால், சென்ற ஆண்டு வரவைப் போல அஃது இருபது மடங்கு. ஆகவே கிராக்கி என்று தோன்றும். உண்மையில் அது சராசரி வரவின் மூன்றேகால் மடங்கைச் சற்றே கடந்ததாம். ஓராண்டுக் கணக்கு, கிராக்கியை மலிவாகவும் மலிவைக் கிராக்கியாகவும் காட்டி, வாங்குபவரையும் விற்பவரையும் ஒருங்கே கெடுக்கின்றது.

நிற்க. மேலே "இன்றைய ரூபாய் மதிப்பில்" என்று நாம் கூறியது வீண் சொல் அன்று. பத்தாண்டுக்கு முந்திய ரூபாயும் இன்றைய ரூபாயும் பெயரால் ஒன்று, பொருளால் வேறு. விலைவாசி பத்தாண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்பின், அன்றைய ரூ. 18,000 இன்றைய ரூ. 30,000-க்குச் சமம். இதனை நோக்காது பழைய எண்களை அப்படியே கூட்டுவோமாயின், முன்னாளில் ஈட்டியதைக் குறைத்து மதித்தவர் ஆவோம். இதனினும் பெரிய பிழை மற்றொன்று உண்டு. அன்று ரூ. 18,000 ஈட்டி இன்று ரூ. 30,000 ஈட்டும் நிறுவனம், தான் வளர்ந்து விட்டதாக அறிக்கையில் பறைசாற்றும். உண்மையில் அது நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஆதலின் ஒவ்வோராண்டு இலாபத்தையும், சர்க்கார் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு இன்றைய ரூபாயாக மாற்றி, பத்தாண்டுக்கும் சராசரி கண்டு, அச்சராசரியால் பங்கின் இன்றைய விலையை வகுத்தல் வேண்டும். இதனைப் பத்தாண்டு மெய்யிலாப விகிதம் என்று நாம் பெயரிட்டு வழங்குவோம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்து, மூன்றாண்டுக்குள் டவ் ஜோன்ஸ் குறியீடு தன் உச்சத்தில் பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அவ்வழிவைக் கண்கூடாகக் கண்ட பெஞ்சமின் கிரஹாம், டேவிட் டாட் என்னும் ஆசிரியர் இருவர் 1934-இல் வெளியிட்ட நூலில், ஓராண்டு இலாபத்தை நம்பாது, ஐந்தாண்டுக்குக் குறையாமல், கூடுமாயின் ஏழு அல்லது பத்தாண்டுச் சராசரியை நோக்குமாறு அறிவுறுத்தினர். 1988-இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் என்னும் பேராசிரியர் இருவர், விலைவாசிக்கு ஏற்பத் திருத்திய நெடுங்காலச் சராசரி இலாபத்தை ஆராய்ந்து, பிற்காலத்துப் பலனை முன்னுணர அது துணை செய்யும் என்று காட்டினர். ஷில்லர் 2013-இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

அவர் தொகுத்த கணக்கின்படி, அமெரிக்கச் சந்தையின் இவ்விகிதம் நெடுங்காலச் சராசரியில் 17 அளவினது. 1929-இன் உச்சத்தில் அது 30-ஐக் கடந்தது. 1999-இன் இறுதியில் 44 அளவுக்கு ஏறியது. இவ்விரண்டின் பின்னும் நேர்ந்த வீழ்ச்சியை உலகம் அறியும். 2009-ஆம் ஆண்டு நிகழ்ச்சியோ நம் தோப்புக் கணக்கை அப்படியே ஒத்தது. நிதி நெருக்கடியால் கம்பெனிகளின் ஓராண்டு இலாபம் மிகச் சுருங்கிவிட்டமையின், வழக்கமான விலை-இலாப விகிதம் 100-ஐயும் கடந்து, பங்குகள் பெருங்கிராக்கி என்று காட்டிற்று. பத்தாண்டு விகிதமோ அவ்வாண்டு மார்ச்சில் 13 அளவில் நின்றது. அஞ்சாது வாங்கினார் பின்னர்ப் பெரும்பயன் எய்தினர்.

இனி, நம் அருகில் உள்ளதனை நோக்குவோம். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிப்பட்ட கரும்பொருளே நெய்வேலியின் பிறப்புக்கு மூலம் என்பது இவ்வட்டாரத்தார் நாவில் உள்ள வரலாறு. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது; 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது; 1962-இல் மின்சாரம் பிறந்தது. 2016-இல் அது என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிற்று. 2013-இல் மத்திய சர்க்கார் தன் பங்கில் ஒரு பகுதியை விற்க முற்பட்டபோது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மாநில சர்க்கார் மறுப்புத் தெரிவித்தது. முடிவில், தமிழ்நாட்டு சர்க்காரின் நிறுவனங்கள் ஐந்து, பங்கொன்று ரூ. 60 வீதம் 3.56 சதவீதத்தை ஏறத்தாழ ரூ. 358 கோடிக்கு வாங்கின. யாருக்கு விற்பது என்னும் கேள்வி அன்று வீதிதோறும் ஒலித்தது. அது வேண்டிய கேள்வியே. ஆயின், அந்த ரூ. 60 எத்தனை ஆண்டு மெய்யிலாபத்தின் விலை என்னும் கேள்வியும் உடன் ஒலித்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அவ்விலை பொதுப்பணத்திலிருந்து கொடுக்கப்பட்டதன்றோ?

இக்கழகத்தின் இலாபத்தை ஓராண்டால் அளத்தல் ஏன் தகாது என்பதற்குத் தனிக்காரணங்கள் உள. மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கின்றது. ஆணையத்தின் தீர்ப்பொன்றினால், பல ஆண்டுக் கணக்கு ஓராண்டில் தீர்ந்து, இலாபம் திடீரென ஏறவும் இறங்கவும் கூடும். அனல்மின் நிலையங்களின் பங்கு முதலுக்கு 15.5 சதவீதப் பலன் என்று 2014 முதல் 2024 வரையிலான இரு காலப்பகுதிகளுக்கும் ஆணையம் விதித்திருந்தது. இது தாராளமானதாகத் தோன்றும். ஆனால் அம்முதல், நிலையம் கட்டிய காலத்து ரூபாயில் எண்ணப்படுவது; விலைவாசியோடு அது தானே உயர்வதில்லை. ஆகவே புதுமுதல் இடாத வரையில், பழைய நிலையத்தின் இலாபம் எண்ணளவில் நிலைத்திருந்தே பொருளளவில் தேயும். இத்தேய்வை ஓராண்டுக் கணக்கு ஒருகாலும் காட்டாது. பத்தாண்டு மெய்யிலாபக் கணக்கு உடனே காட்டும்.

மேலும், சுரங்கம் தோப்பு அன்று. பறித்த முந்திரி மறு ஆண்டும் காய்க்கும். தோண்டிய கரி மீளாது. சுரங்கத்தின் இலாபம் என்பதில் ஒரு கூறு, குறைந்து வரும் முதலின் விலையே ஆகும். எத்தனை ஆண்டுக்குக் கரி எஞ்சியுள்ளது என்று கேளாது சராசரியை மட்டும் பெருக்குவோன், விதைநெல்லை விளைச்சலாக எண்ணுவோனை ஒப்பான்.

இம்முறைக்கு மறுப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. "சென்ற பத்தாண்டு வரும் பத்தாண்டுக்குச் சாட்சியோ?" என்பர் சிலர். நல்ல கேள்வி. 'தானே' வீழ்த்திய தோப்புக்கு அதற்கு முந்திய பத்தாண்டுச் சராசரி பொய்ச்சாட்சியே. புதுக்கன்று நட்டுக் காய்க்கும் காலத்தையே எண்ணுதல் வேண்டும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையமும் சூரிய ஒளி மின்சாரமும் அங்கே இடம் பெற்றுள்ளன. இத்தகைய மாற்றங்களைச் சராசரி தானாக அறியாது. கணக்கு எழுதும் விதிகளும் மாறுவன. 2016-17 முதல் பெருங்கம்பெனிகள் புதிய கணக்கியல் முறைக்கு மாறின. ஆதலின் தனிக் கம்பெனிக்கு இவ்விகிதத்தைக் கையாளுங்கால், சந்தை முழுமைக்கும் கையாளுவதினும் மிக்க எச்சரிக்கை வேண்டும்.

"எப்பொழுது விலை இறங்கும் என்று இது சொல்லுமோ?" என்பர் வேறு சிலர். சொல்லாது. 1996 டிசம்பரில் ஷில்லரும் கேம்ப்பெல்லும் அமெரிக்க மத்திய வங்கியினரிடம் எச்சரிக்கை கூறினர். சந்தையோ மேலும் மூன்றாண்டுக்கு மேல் ஏறிக்கொண்டே சென்று, 2000-க்குப் பின்னரே ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. ஆறு பெருகும் நாளை இவ்வளவுகோல் குறித்துத் தருவதன்று. வீடு கட்டும் மேட்டையும் பள்ளத்தையும் காட்டுவது. நெடுங்காலம் வாழ எண்ணுவோனுக்கு அதுவே போதும்.

இதனை மாணவரிடம் இத்துணை வற்புறுத்துவானேன் எனின், கூறுதும். பங்கு வாணிகம் இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலுள்ள தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. செபி ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்றாண்டுகளில் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனி மனிதருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் நஷ்டமுற்றனர். அவர் இழந்த தொகை ரூ. 1.8 லட்சம் கோடிக்கு மேற்பட்டது. அது எவருடைய பணம்? தந்தையின் பணிக்கொடை, தாயின் நகை, நிலம் கொடுத்துப் பெற்ற ஈட்டுத்தொகை ஆகியவை அதில் கலந்திரா என்று எவர் கூறவல்லார்? இவ்வட்டாரத்தில் பணியினின்று ஓய்வு பெற்றாரும், சுரங்கத்துக்கு நிலம் தந்தாரும் பலர். அவர் இல்லத்துப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். வாழ்நாளில் ஒருமுறையே கைக்கு வரும் பெருந்தொகையை எங்கே இடுவது என்று பெற்றோர் முதலிற் கேட்பது அப்பிள்ளைகளையே.

நம் கல்லூரி வழிபாட்டிற் பலகால் கேட்ட யோசேப்பின் வரலாற்றை ஈண்டு நினைவு கூர்வோம். கொழுத்த ஏழாண்டைக் கண்டு அவன் களித்து அமர்ந்தானில்லை. மெலிந்த ஏழாண்டையும் அதனோடு சேர்த்து எண்ணினான். பதினான்கு ஆண்டையும் ஒரு கணக்காகக் கண்டமையால் ஒரு தேசம் பிழைத்தது. இக்கணக்கிற்கு உயர்கணிதம் வேண்டா. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் போதும். வேண்டுவது பொறுமை ஒன்றே. பொருளியல் வகுப்பில் மட்டுமின்றி எல்லா வகுப்பிலும், மாணவன் ஒவ்வொருவனும் மாணவி ஒவ்வொருத்தியும் ஒரு கம்பெனியின் பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து இக்கணக்கை ஒருமுறையேனும் தம் கையால் போட்டுப் பார்க்குமாறு ஆசிரியப் பெருமக்கள் செய்வாராக. பழைய மாணவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தால் இதற்குத் துணை நிற்பாராக. முத்தாண்டிக்குப்பத்து முதியவர் தோப்பின் வரப்பில் நின்று கேட்கும் அந்த ஒரு கேள்வியை நம் பிள்ளைகளும் கேட்கப் பழகுவாராயின், அவர் இல்லத்துச் சேமிப்பு ஓராண்டு மினுக்கைக் கண்டு மயங்கி அழியாது.