வளைவுகளை எண்ணுவோர்

சில மாதங்களாக நண்பர்கள் வட்டத்தில் ஒரு பட்டியல் உலவி வருகிறது. மிதிவண்டிக்காரர்கள் கனவு காணும் ஐரோப்பிய மலையேற்றங்களை ‘ஏமாற்றியவை’, ‘எதிர்பார்ப்பை விஞ்சியவை’ என்று இரு நிரல்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏமாற்றியவற்றுள் முதலிடம் பிரான்சின் ஆல்ப் டூயஸுக்கு. இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் மலைகளுக்கு இவ்வளவு உறுதியாக மதிப்பெண் இடுவதைக் கண்டு, ஆண்டுக்கு இருமுறை விடைத்தாள் திருத்தும் நமக்கே கூச்சம் உண்டாயிற்று.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆல்ப்ஸ் மலையில் நாம் மிதிவண்டி மிதித்ததில்லை. பட்டியலைப் பரப்பும் நண்பர்களும் மிதித்ததில்லை. அவர்களும் நாமும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அங்கு சென்று வந்தோர் எழுதியதைப் படித்தவர்கள். அப்படியிருக்க, அவர்களை ஏமாற்றியது எது? மலையாக இருக்க முடியாது. மலையைப் பற்றி அவர்கள் படித்த எண்களும் கதைகளும்தான் ஏமாற்றியிருக்க வேண்டும். நமது சண்டை அவற்றோடுதான்.

முதலில் வளைவுகளின் எண்ணிக்கை. ஆல்ப் டூயஸில் இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் 21 என்று தொடங்கி மேலே செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு பலகையிலும் அங்கு வென்ற வீரரின் பெயர் இருக்கும். வென்றவர்கள் பெருகிவிட்டதால் சில பலகைகளில் இரு பெயர்கள். 1952இல் ஃபாஸ்டோ கொப்பி முதன்முதலாக வென்ற அந்தச் சாலைக்கு டூர் டி பிரான்ஸ் 1976இல்தான் திரும்பி வந்தது என்பதும், உச்சியில் இருப்பது பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த ஊர் என்பதும் பட்டியல்காரர்களுக்கு ஒரு பொருட்டல்ல. இருபத்தொரு வளைவு என்றால் இருபத்தொரு மடங்கு கொடுமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு, “இவ்வளவுதானா?” என்று சலித்துக்கொள்கிறார்கள்.

வளைவு எதற்காக இருக்கிறது என்று இவர்கள் ஒருகணம் யோசித்திருக்கலாம். மலைச்சரிவில் நேராக ஏறினால் வண்டி போகாது. ஆகவே பாதையை மடித்து மடித்து நீட்டி, ஏற்றத்தின் கடுமையைக் குறைக்கிறார்கள். ஏறுபவனுக்குப் பொறியாளன் காட்டிய கருணையே வளைவு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையை 1820க்கும் 1825க்கும் இடையில் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காக அமைத்தார். கிழக்குப் பக்கத்தில் மட்டும் நாற்பத்தெட்டு வளைவுகள். குதிரை வண்டிகளும் படைகளும் ஏற வேண்டிய சாலையாதலின், 2757 மீட்டர் உயரத்துக்குச் சென்றாலும் அது பெரும்பாலும் சீரான ஏற்றமே. மாறாக, ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் மாடுகள் மேய்ச்சலுக்குச் சென்ற தடத்தின்மேல் போடப்பட்ட ஆங்லிரு சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் மிகக் கொடிய பகுதியான குவென்யா லெஸ் காப்ரெஸில் சாலை ஏறக்குறைய நேராகவே மேலேறுகிறது. நூறு மீட்டர் தொலைவுக்கு இருபத்துமூன்று மீட்டருக்கும் மேல் ஏற்றம். அங்கே எண்ணுவதற்கு வளைவும் இல்லை, மூச்சு வாங்குவதற்கு இடமும் இல்லை. வளைவை எண்ணிக் கொடுமையை அளப்பவர்கள் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது, சராசரி என்னும் எண். பத்துக் கிலோமீட்டர் சாலையில் ஆறு கிலோமீட்டர் பத்து விழுக்காடு ஏற்றம், நான்கு கிலோமீட்டர் ஐந்து விழுக்காடு இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு மீட்டர் ஏறி இருநூறு மீட்டர் இறங்குகிறோம். சராசரி நான்கு விழுக்காடு. கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சாலையில் நான்கு விழுக்காடு ஏற்றம் என்பது ஓரிடத்திலும் கிடையாது. இறக்கம் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஏற்றமோ முக்கால் மணி நேரம் தொடையைப் பிழியும். ரோமான்ஷ் பள்ளத்தாக்குச் சாலையிலிருந்து குரோவா த ஃபேர் கணவாய்க்கு ஏறும் வழி இத்தகையது. சராசரி ஐந்து விழுக்காட்டளவே. நடுவில் இருமுறை சாலை கீழே இறங்கிவிட்டு, இழந்த உயரத்தைக் கடுமையாகத் திரும்பக் கேட்கிறது. நண்பர்களின் பட்டியலில் இது ‘எதிர்பார்ப்பை விஞ்சியது’. மலை எதையும் விஞ்சவில்லை. சராசரியை நம்பிப் போனவர் கணக்கைச் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிழை நம் காலத்தது மட்டுமல்ல. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வான்டூ மலையில் ஏறியதைப் பற்றி எழுதிய கடிதம் 1336ஆம் ஆண்டு ஏப்ரல் என்று நாளிடப்பட்டது. அந்த ஏற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்று ஐயுறும் அறிஞர்களும் உளர்; அது இருக்கட்டும். கடிதத்தின்படி, உடன் சென்ற தம்பி செங்குத்தான வழியில் நேராக ஏறிவிடுகிறான். பெட்ரார்க்கோ எளிய வழி தேடிச் சுற்றிச் சுற்றிப் பள்ளங்களில் இறங்கி, இருமடங்கு களைத்துப் போகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உச்சிவரை ஏறி மீண்ட முதிய இடையர் ஒருவர் அவர்களை முன்பே எச்சரித்தார் என்றும் கடிதம் சொல்கிறது. மலையை அறிந்தவர் பேச்சை அன்றும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதும் மிகக் கேடானதும் தொன்மம். இதே வான்டூ மலையைப் பற்றி ரோலான் பார்த், 1957இல் வெளிவந்த ‘தொன்மங்கள்’ நூலில், பலி கேட்கும் தெய்வமாகக் கண்டு எழுதினார். தொன்மம் எவ்வாறு செய்யப்படுகிறது என்று காட்டவே அவர் எழுதினார். நம்மவர்கள் அதைத் தலவரலாறாகப் படித்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1967 ஜூலை 13 அன்று, ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் உச்சிக்குச் சற்றே கீழே விழுந்து இறந்தார். அன்றைய கொடும் வெயில், உடலில் கண்டறியப்பட்ட ஊக்கமருந்தும் மதுவும், நிறுத்த விடாத போட்டி வெறி ஆகியவை சேர்ந்து அந்த மனிதரைக் கொன்றன. ஆனால் ‘மலை பலி கொண்டது’ என்று எழுதும்போது இத்தனை காரணங்களும் மறைந்துவிடுகின்றன. யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வெண்சுண்ணப் பாறையாய் மொட்டையடித்து நிற்கும் உச்சியைப் படத்தில் பார்த்து அஞ்சுகிறோம். பெதுவான் ஊரிலிருந்து ஏறுவோரை ஏறத்தாழ ஒன்பது விழுக்காட்டில் இடைவிடாமல் வதைப்பதோ அதற்குக் கீழே உள்ள காட்டுப் பகுதி. காட்டுக்குள் படம் எடுப்பாக வராது. ஆகவே அதற்குத் தொன்மமும் இல்லை.

“எங்கோ இருக்கும் மலைகளுக்காக ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்கலாம். கோபம் நம்மீதும்தான். சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றும் நால்வரோடு கொல்லிமலை ஏறினோம். எழுபது வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. வழியெல்லாம் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே போனோம். நாற்பதைத் தாண்டியதும் எங்களுள் மூத்தவர் இறங்கிவிட்டார். “நீங்க போங்க சார், நான் தள்ளிக்கிட்டு வர்றேன்” என்றார். நாம் சிரித்தோம். அன்று மாலைவரை அந்த வளைவின் எண்ணையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துக் கேலி செய்தோம். தமிழ் படித்தவர்கள் அல்லவா, பட்டப்பெயர் வைக்கச் சொல்லித்தர வேண்டுமா!

எழுபதாவது பலகையோடு ஏற்றம் முடிந்தது என்று மார்தட்டிய எங்களுக்கு அதற்குப் பின்னர்தான் பாடம் காத்திருந்தது. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குச் செல்லும் சாலை ஏறுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. அங்கே எண்ணும் இல்லை, பலகையும் இல்லை. எழுபது வளைவுகளை வென்ற நாம் அங்கேதான் வண்டியை விட்டு இறங்கித் தள்ளினோம். பின்னால் வந்த மூத்தவர், தள்ளி வந்ததில் காலுக்கு ஓய்வு கிடைத்திருந்ததாலோ என்னவோ, நிதானமாக மிதித்து எங்களைக் கடந்து போனார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பின் அவர் எங்களோடு மலைக்கு வந்ததில்லை.

பட்டியல் போடும் நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. ஒரு மலையேற்றத்தைப் பற்றி எழுதுங்கள். அந்தச் சாலையை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், எங்கே அது கடுமையாகிறது, எங்கே மூச்சுவிட இடம் தருகிறது, நீங்கள் எந்த இடத்தில் இறங்கித் தள்ளினீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். அடுத்து ஏறுபவருக்கு அது பயன்படும். ‘ஏமாற்றியது’ என்ற தீர்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மலை உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

மூத்தவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் நமக்கு இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அவர் படிக்க நேர்ந்தால், அடுத்த ஞாயிறன்று காரவள்ளி அடிவாரத்தில் காத்திருப்போம். இம்முறை பலகைகளைப் பார்க்க மாட்டோம்.