அடுத்த வீட்டுக் கொசுவத்தி

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல எங்க சீனியர் ஒருத்தர் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சார். கமடோர் 64, ஸ்பெக்ட்ரம், கேசட்ல இருந்து கேம் லோடு ஆகுறப்ப வர்ற கீச்சு சத்தம், புத்தகத்தைப் பார்த்து ராத்திரி முழுக்க டைப் அடிச்சது... கேக்கவே ஆசையா இருந்தது. பக்கத்துல இருந்த ஃப்ரெஷர் பொண்ணு கண்ணு விரிய கேட்டுக்கிட்டிருந்துச்சு. சாம்பார் சாதம் முடிஞ்சு தயிர் சாதம் வந்தப்பதான் எனக்கு உறைச்சது. இந்த மனுஷன் முதல்முதலா கம்ப்யூட்டரைத் தொட்டதே இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துலன்னு அவரே போன தீபாவளி பார்ட்டியில சொல்லியிருக்கார். அப்ப இது யாரோட கொசுவத்தி?

கேட்டே விட்டேன். மனுஷன் கோவிச்சுக்கலை. "யூட்யூப்ல பார்த்ததுதான்பா. நம்ம ஊர்ல அப்ப என்ன இருந்துச்சு, நினைச்சுப் பார்க்க?"னு கேட்டுட்டு கை கழுவப் போயிட்டார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். ஏன்னா அவர் மட்டும் இல்லை மக்களே, நாம எல்லாருமே இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம். நம்மகிட்ட ஒண்ணும் இல்லை, அதனால அடுத்தவன் வீட்டுக் கொசுவத்தியை வாங்கிக் கொளுத்திக்கிறோம்னு. இது அப்பட்டமான பொய். இருந்தது. நாமதான் எடைக்குப் போட்டோம். (நானும் போட்டேன். அந்தக் கதை பின்னாடி வருது.)

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு. என் வயசுக்காரங்க ஸ்கூல் லேப்ல ஆடின 'டேவ்' ஞாபகம் இருக்கா? சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு கோப்பையை எடுத்துக்கிட்டு கதவுக்கு ஓடுவானே, அவன்தான். நெய்வேலியில நான் படிச்ச ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பீரியடுன்னாலே டேவ்தான், மிஸ் வெளியே போகிற அஞ்சு நிமிஷம். அதை எழுதினவர் ஜான் ரொமேரோ. 1988-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதினார், 1990-ல் பிசிக்கு வந்தது. முதலில் அது வெளியானது எதில் தெரியுமா? 'அப்டைம்' என்கிற பத்திரிகையில். காகிதமே இல்லாத பத்திரிகை, மாசாமாசம் ஃப்ளாப்பி டிஸ்க்கா வரும். அதுக்கு முன்னாடி 1984 ஜூன் மாசம், 16 வயசுல, 'இன்சைடர்' பத்திரிகையில அவரோட முதல் கேம் அச்சாச்சு. அச்சாச்சுன்னா நிஜமாவே அச்சுதான். நிரலை வரிவரியா பக்கத்துல போட்டிருப்பாங்க, வாங்கினவன் வீட்ல உட்கார்ந்து டைப் அடிச்சு ஆடணும். 'அப்டைம்'ல வேலை பார்த்த ஜே வில்பர்தான் பின்னாடி 'டூம்' தந்த இட் சாஃப்ட்வேரோட நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டவர். இது அத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? ரொமேரோ 2023-ல் சுயசரிதை எழுதினார். அவ்வளவுதான் விஷயம்.

அந்த டேவை நெய்வேலிக்குக் கொண்டு வந்தது யாரு? எந்த ஃப்ளாப்பியில, எந்த அண்ணன், எந்த காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து பஸ் ஏறிக் கொண்டு வந்தார்? ஒரு வரி கிடையாது. தெருத்தெருவா, ஸ்கூல் ஸ்கூலா பரவின ஒரு பொருளுக்கு வந்த வழியே தெரியலை.

'நம்ம ஊர்ல என்ன இருந்துச்சு' கட்சிக்கு இப்ப கொஞ்சம் கணக்கு சொல்றேன். 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. 248 பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்து இறங்குச்சு. அதே மெஷின்லதான் 1984-ல் இங்கிலாந்துல இயன் பெல், டேவிட் பிரேபன்னு ரெண்டு காலேஜ் பசங்க 'எலைட்' எழுதினாங்க. அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேட்டி, புத்தகம், ஆவணப்படம்னு வந்துக்கிட்டே இருக்கு. நம்ம 248 பள்ளிக்கூடத்துல அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்த பசங்க எத்தனை ஆயிரம் பேர் இருப்பாங்க? இப்ப அவங்களுக்கு ஐம்பது, ஐம்பத்தஞ்சு வயசு. ஒருத்தர்கூடவா அதுல ஒரு கேம் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்?

அதுக்கப்புறம் 1986. டெசிபெல்ஸ்னு ஒரு இந்திய கம்பெனி, சின்க்ளேர்கிட்ட உரிமம் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம் ப்ளஸ்'னு இங்கேயே வித்தது. 50,000க்கு மேல வித்ததா சொல்வாங்க. கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்கன்னே வெச்சுப்போம், பாதியா எடுத்துக்கங்க. 25,000 வீடு! அந்த வீட்ல எல்லாம் என்ன நடந்துச்சு?

ஒரு வீட்ல நடந்தது எனக்குத் தெரியும். எங்க எதிர் குவார்ட்டர்ஸ்.

நெய்வேலி தெரியாதவங்களுக்கு: அது நகரியம். வீடெல்லாம் கம்பெனி குவார்ட்டர்ஸ், வட்டம் வட்டமா இருக்கும். வேலையில இருக்கிற வரைக்கும் வீடு, 60 வயசு ஆச்சுன்னா காலி பண்ணிட்டுப் போகணும். முப்பது வருஷம் ஒரே பலாமரத்து நிழல்ல வண்டியை நிறுத்தினவங்க ஒரு நாள் மினி லாரியில சாமான் ஏத்திக்கிட்டு விருத்தாசலமோ, கும்பகோணமோ, பிள்ளை இருக்கிற சென்னையோ போய்ச் சேருவாங்க. வாழ்ந்த ஊர்லயே கிழவன் ஆக முடியாத ஊர் எங்க ஊர்.

மாமா 2016-ல் ரிடையர் ஆனார். நான் காலேஜ் லீவுல வந்திருந்தேன், பரண் சாமானை இறக்கிக் கொடுக்கச் சொன்னாங்க. சணல் கயிறு போட்டுக் கட்டின பழைய பத்திரிகைக் கட்டு, 'தமிழ் கம்ப்யூட்டர்', 'பிசி குவெஸ்ட்', திங்கக்கிழமை தினமலரோட வந்த 'கம்ப்யூட்டர் மலர்' எல்லாம் கலந்து கட்டி. அதுக்கு அடியில நாலு நீள நோட்டு. ஒண்ணைப் பிரிச்சேன், உள்ளே கிராஃப் பேப்பர், பென்சில்ல கட்டம் கட்டமா நிரப்பி இருந்துச்சு. எம்ப்ராய்டரி டிசைன்னு நினைச்சேன் சார், சத்தியமா. மாமிதுன்னு நினைச்சு "இது வேணுமா மாமி?"ன்னேன். "எல்லாம் அவரோட குப்பை, போட்டுடு"ன்னாங்க. பழைய பேப்பர்காரர் தராசுல வெச்சார். எல்லாம் சேர்த்து எவ்வளவு கிலோன்னு ஞாபகம் இல்லை. காசை மாமிகிட்ட கொடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா சும்மா பேச்சுவாக்குல கேட்டார், "அந்த கிராஃப் நோட்டும் போயிடுச்சாடா?"

அது கேம். 1987-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஸ்பெக்ட்ரம் ப்ளஸ் வாங்கிட்டு வந்து, சுரங்கத்துல ஷிப்ட் முடிச்சுட்டு வந்து ராத்திரி ராத்திரியா எழுதியிருக்கார். ஸ்பெக்ட்ரம்ல நாமளா படம் வரையணும்னா 8-க்கு 8 கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். இடது ஓரக் கட்டத்துக்கு 128, அடுத்தது 64, 32, இப்படிப் பாதிப் பாதியா குறைஞ்சு கடைசிக் கட்டத்துக்கு 1. நிரப்பின கட்டத்தோட மதிப்பை எல்லாம் கூட்டினா அந்த வரிசையோட எண் வந்துடும். எட்டு வரிசை, எட்டு எண், ஒரு படம். இதைத்தான் அவர் கிராஃப் பேப்பர்ல பென்சில் வெச்சுப் பண்ணியிருக்கார்.

கேம் என்னன்னு கேளுங்க. எங்க ஊர் பழுப்பு நிலக்கரிக்கு அடியில நிலத்தடி நீர் அழுத்தத்தோட நிக்குது. ராத்திரி பகலா பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா சுரங்கத்தோட தரையே பொங்கிடும். மாமாவோட கேம்ல நாம பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரை ஓட்டணும். மேல் மண்ணை வாரணும், நிலக்கரி எடுக்கணும், நடுநடுவுல ஓடிப் போய் நின்ன பம்பைக் கிளப்பணும். ரெண்டு பம்பு ஒண்ணா நின்னுட்டா அவ்வளவுதான், திரை கீழே இருந்து நீலமா ஏறும். கேசட் என்னாச்சு மாமான்னு கேட்டேன். அது மேல இளையராஜா பாட்டு பதிஞ்சாச்சாம் :-(

இங்கிலாந்துல மேத்யூ ஸ்மித்னு ஒரு பையன் 1983-ல் 'மேனிக் மைனர்' எழுதினான். அதுவும் ஸ்பெக்ட்ரம்தான், அதுவும் சுரங்கத் தொழிலாளி கதைதான், 20 குகை. பையனுக்கு வயசு பதினேழு இருந்தா அதிகம். அவன் எந்த மெஷின்ல உட்கார்ந்து எழுதினான் (டிஆர்எஸ்-80) என்கிறது வரைக்கும் எனக்குத் தெரியும். சுரங்கத்துக்குள்ளேயே வேலை பார்த்துக்கிட்டு சுரங்கத்தைப் பத்தி கேம் எழுதின எதிர்வீட்டு மனுஷரோட நோட்டை நான் எம்ப்ராய்டரின்னு எடைக்குப் போட்டேன். நான் ஒரு இன்ஜினியர். சிரிங்க.

"ஒருத்தர் வீட்ல எழுதி யாரும் ஆடாத கேம் எல்லாம் வரலாறா?"ன்னு கேப்பீங்க. சரி, பத்திரிகைக்கு வருவோம். ஸ்பெக்ட்ரம் கேமுக்குன்னே பேர் வாங்கின 'கிராஷ்' பத்திரிகை 1984-ல் லட்லோங்கிற ஊர்ல ஆரம்பிச்சது. லண்டன் இல்லை. லட்லோ ஒரு சந்தை ஊர், இன்னைக்கும் மக்கள் தொகை பத்தாயிரம் சொச்சம். 2011 கணக்குப்படி நெய்வேலியில ஒரு லட்சத்துக்கு மேல. அந்த ஊர் ஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டு வந்து ஆடவிட்டுத்தான் விமர்சனம் எழுதினாங்க. ஆசிரியர் ரோஜர் கீன், அட்டைப்படம் வரைஞ்ச ஆலிவர் ஃப்ரே. ஃப்ரே 2022-ல் போயிட்டார், கீன் 2023-ல். ஆனா போறதுக்குள்ள ரெண்டு பேரும் பேச வேண்டியதை எல்லாம் பேசிட்டாங்க. கேக்க ஆள் இருந்தது.

நம்ம பக்கம்? பெங்களூர் அதுல் சிட்னிஸ் 1989-ல் சிக்ஸ்னு ஒரு புல்லட்டின் போர்டு நடத்தினவர். 90கள்ல 'பிசி குவெஸ்ட்' வழியா லினக்ஸ் சிடியை ஊர் ஊரா சேர்த்தவங்கள்ல முக்கியமான ஆள். 2013 ஜூன்ல 51 வயசுல புற்றுநோய் கொண்டு போயிடுச்சு. அவராவது ஓயாம எழுதின ஆள், இங்கிலீஷ்ல மிச்சம் இருக்கு. தமிழ்ல கம்ப்யூட்டர் பத்திரிகை நடத்தினவங்க? 'கோப்பு', 'சுட்டி', 'நிரல்'னு இன்னைக்கு நாம சர்வசாதாரணமா எழுதுற சொல்லை எல்லாம் கம்போசிங் ரூம்ல உட்கார்ந்து பழக்கத்துக்குக் கொண்டு வந்தவங்க, எந்தச் சொல்லைப் போடறதுன்னு சண்டை போட்டவங்க, எந்த ஊர்ல இருந்து எந்த மாதிரி வாசகர் கடிதம் வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க? அவங்க பழைய இதழ் முழு செட் எந்த நூலகத்துல இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த பஸ்ல கிளம்பறேன்.

நம்ம வீட்டுக்குள்ளேயே பாருங்க. 'தேனீ' எழுத்துரு தந்த உமர் தம்பி 2006-ல் போனார். 'அதியமான்' மாற்றி தந்த தகடூர் கோபி 2018-ல் போனார். இவங்க கருவியில தட்டித் தட்டித்தானே நாம எல்லாம் பதிவர் ஆனோம்? இரங்கல் பதிவு ஆளுக்கொண்ணு போட்டோம், நல்லாவே போட்டோம். அவங்க உயிரோட இருந்தப்ப "முதல் ராத்திரி எந்த எழுத்துதான் சார் ஒட்டாம படுத்துச்சு?"ன்னு உட்கார்ந்து கேட்டது எத்தனை பேர்? கடைசி வரைக்கும் டிஸ்கிக்கும் பதிவர் சந்திப்புக்கும்தான் நேரம் இருந்தது.

புத்தகக் கடையில 'இந்திய ஐ.டி. வரலாறு'ன்னு கிடைக்கிறதெல்லாம் கம்பெனி ஆரம்பிச்சவங்க கதை. லைசென்ஸ் வாங்கின கதை, பங்குச் சந்தைக்குப் போன கதை. அதுல சம்பளமும் கேக்காம புகழும் கேக்காம ராத்திரி கட்டம் போட்டவனுக்கு இடம் கிடையாது. எங்க ஊர் மட்டும் என்னவாம்? கிணறு வெட்டும்போது கரி பார்த்த ஜம்புலிங்க முதலியாருக்குச் சிலை இருக்கு. 1962-ல் ஓட ஆரம்பிச்சு 2020-ல் நிறுத்தின முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட்டுனு சின்னப் பையன்கூட சொல்வான். வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி போட்டு எழுத்தாளர்களை மேடையேத்திப் பொன்னாடை போத்துற ஊர் அது. எதிர்வீட்டுக்காரர் எழுதினதும் எழுத்துதான்னு எங்க யாருக்கும் தோணலை.

ஞாபகத்தை நம்பி எழுதினா தப்புத் தப்பா வரும்னு ஒரு நண்பர் சொல்றார். வரட்டுமே! தப்பா எழுதினா திருத்த இன்னொருத்தர் வருவார். எழுதாமலே விட்டா யார் வந்து எதைத் திருத்தறது? 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' எழுதின ஜோர்டான் மெக்னர் அந்தக் காலத்து டைரியை அப்படியே புத்தகமாப் போட்டார். மூல நிரல் தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தார், 2012-ல் அவங்க அப்பா ஒரு பெட்டிக்குள்ள இருந்து ஃப்ளாப்பியைக் கண்டுபிடிச்சார். அவங்க வீட்ல குப்பைன்னு போடலை. எங்களுக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை எழுத உட்கார்றதுக்கு முன்னாடி மாமாவுக்கு போன் பண்ணினேன். இப்ப விருத்தாசலத்துல இருக்கார். "மாமா, அந்த எக்ஸ்கவேட்டர் சக்கரம் ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு என்னடா இப்போ? யாருக்குடா வேணும் அதெல்லாம்?"

"எனக்கு வேணும் மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டிவியை மாமி அணைச்சது கேட்டுச்சு. அப்புறம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "60, 66, 153, 165, 165... இரு, அடுத்தது வரலைடா... அதுக்கப்புறம் 66, 60."

சக்கரம்தானே, மேலயும் கீழயும் ஒண்ணுதான். விட்டுப்போனது 153. எமுலேட்டர்ல அடிச்சுப் பார்த்தேன். குண்டா, நடுவுல அச்சோட ஒரு சக்கரம் வந்து நின்னுச்சு. போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்தது.

"சரிதான். ஆனா பல்லு இல்லை பாரு. அது அடுத்த எட்டு எண்ல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வா, யோசிச்சு வைக்கிறேன்."