நடந்து கற்கும் பாடம்

பள்ளிச் சுற்றுலா என்றவுடன் தொலைவே சிறப்பு என்று எண்ணும் வழக்கம் பரவியிருக்கிறது. தார்ப் பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்குவதும், மணற்குன்றின்மேல் ஒட்டகம் ஏறிச் செல்வதும் பெருமைக்குரியனவாகக் கருதப்படுகின்றன. அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆயினும், பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டிய வறண்ட நிலம் அவர்களது வாயிலிலேயே இருக்கிறது. தொலைநாடு காண்பதற்குமுன் அருகிலுள்ள நிலத்தை நடந்து அறிதல் வேண்டும்.

மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் மறையூர் உள்ளது. அதற்கும் அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் அமைந்துள்ளது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் இது மழைமறைவு நிலமாயிற்று. ஆண்டிற்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே இங்குப் பெய்கிறது. மூணாறு மழையில் நனையும் அதே நாளில் சின்னாற்றின் முட்புதர்கள் வெயிலில் காய்ந்து நிற்பதுண்டு. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் இங்கு வாழ்கின்றன.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சின்னாறு மணல்வெளி அன்று. எனினும், ஒரே மலைத்தொடரில் பசுமையும் வறட்சியும் அடுத்தடுத்து அமைவதைக் கண்ட மாணவர்க்குத் திணைப் பாடம் மனப்பாடமாக இராது. கண்ட காட்சியாகவே நிற்கும்.

இதனைப் பேருந்தின் சாளரத்திலிருந்து காண்பது போதாதா என்று கேட்கலாம். போதாது. வண்டியில் செல்பவர் காட்சியைக் காண்கிறார். நடப்பவரோ நிலத்தின் வெப்பத்தையும், சரிவையும், நீரின் அருமையையும் உணர்கிறார். மறையூரில் ‘முனியறை’ என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் மூடுகல் வைத்து அமைக்கப்பட்டவை அவை. வெறுங்கையுடன் அந்தப் பாறைச் சரிவில் ஏறி மூச்சு வாங்கும் மாணவருக்கே, அத்தனைப் பெரிய கற்களை எவ்வாறு நகர்த்தினர் என்னும் வினா எழும். அக்கற்களின்மேல் ஏறுவதோ பெயர் கீறுவதோ கூடாது என்பதையும் அங்கேயே உணர்வர்.

நடையைப் போன்றே அருங்காட்சியகமும் இன்றியமையாதது. மூணாறு அருகே நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் உள்ளது. பழைய தேயிலை இயந்திரங்களுடன், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயிலின் சக்கரமும் அங்கு வைக்கப்பட்டுள்ளது. அந்த இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. 1913ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு நாசரேத்தின் தொழிற்பள்ளியில் செய்யப்பட்ட சூரியக் கடிகாரமும் அங்குண்டு. ஆனால், கொழுந்து கிள்ளிய கைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இயலாது. கங்காணியின் அழைப்பை ஏற்று மலையேறி வந்தோர், லயத்தின் ஓர் அறையில் குடும்பம் நடத்தியோர் ஆகியோரின் வரலாறு வீடுகளிலேதான் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு புதைந்தோர் அத்தகைய தமிழ்க் குடும்பத்தினரே. எனவே, இயந்திரத்தைக் கண்டுவந்த பிள்ளை அன்று மாலையே தன் பாட்டியிடம், “நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனைக் கிலோ கொழுந்து எடுத்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். அப்போதுதான் அருங்காட்சியகப் பயணம் நிறைவுறும்.

மலைநடை ஆபத்தானது என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரம் நடையையே கைவிடச் சொல்லவில்லை. நடைக்குரிய ஒழுங்கைக் கற்பிக்கிறது. வனத்துறையின் அனுமதி பெறுதல், காட்டை அறிந்த பழங்குடி வழிகாட்டியுடன் மட்டுமே செல்லுதல், புல் காய்ந்திருக்கும் கோடையைத் தவிர்த்தல், இருட்டுமுன் திரும்புதல் ஆகிய நான்கில் ஒன்று குறையினும் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

மிதிவண்டிக்கு யானை நடமாடும் மலைச்சாலை ஏற்றதன்று. பாலக்காட்டுச் சமவெளியே ஏற்றது. பனைமரங்கள் நிற்கும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தஸ்ராக்கில் எழுத்தாளர் ஓ. வி. விஜயனின் நினைவில்லம் உள்ளது. ஐதர் அலி 1766இல் கட்டிய கோட்டை பாலக்காட்டு நகரிலேயே இருக்கிறது. இவற்றைக் காணப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சுற்றுலாக் கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்பில் தங்கிவிடும் பிள்ளையும் இப்பயணத்தில் உடன்வர முடியும் என்பதே இதன் தலையாய சிறப்பு.

இரு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளிடம், “உன் ஊர் எது?” என்று பிறர் கேட்பதுண்டு. தான் வாழும் மண்ணை நடந்தறிந்து, அங்குத் தன் முன்னோர் உழைத்த உழைப்பையும் கேட்டறிந்த பிள்ளை அவ்வினாவிற்குத் தயங்காமல் விடை கூறும். பள்ளிகள் ஆண்டிற்கு ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

பயிற்சி

1. சின்னாறு மழைமறைவு நிலமாக இருப்பதன் காரணம் யாது?
2. மலைநடைக்குரிய ஒழுங்குகளாகப் பாடம் கூறுவன யாவை?
3. உம் வீட்டு முதியோரிடம் அவர்கள் இவ்வூருக்கு வந்த கதையைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.