கேள்வியின் கோளாறு

1961ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உழைக்கும் ஸ்திரீகள் சுமார் 6 கோடிப் பேர். 1971ஆம் வருஷத்துக் கணக்கிலோ அவர்கள் சுமார் 3 கோடியாகக் குறைந்துபோயினர். பத்தே வருஷத்தில் பாதிப் பெண்கள் அரிவாளையும் கூடையையும் கீழே வைத்துவிட்டார்களா? கேள்வி மாறிற்று, வேறொன்றுமில்லை. முந்திய கணக்கில், பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காகப் பாடுபட்டவளும் உழைப்பாளியாக எண்ணப்பட்டாள். பிந்தியதில் 'முக்கியமான காரியம் எது?' என்று வினவினார்கள். வீட்டுக் காரியம் என்று விடை வந்தால் உழைப்பாளியல்லள் என்று எழுதி முடித்தார்கள்.

நமது பேராவூரணிப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய இங்கே, தண்ணீர் வந்து சேர்ந்தால் சொந்த வயலில் நாற்றுப் பறித்து நடுகிறவளும், களையெடுக்கிறவளும், மற்றக் காலத்தில் தென்னை மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைகிறவளும் ஒரே ஸ்திரீதான். 'வேலை பார்க்கிறீர்களா?' என்று அவளைக் கேட்டால், 'இல்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்' என்பாள். பல வீடுகளில் அந்த விடையையும் திண்ணையிலிருக்கும் புருஷரே சொல்லிவிடுகிறார்! நாட்டுப்புறத்தில் வேலை என்றால் கூலி, அல்லது உத்தியோகம். அவள் கேட்ட கேள்விக்கு உண்மையாகவே பதில் சொன்னாள். ஆனால், கணக்கில் ஏறாத அவள் பொருட்டு நிதி ஒதுக்கும்படி சர்க்காரிடம் எந்த எண்ணைக் காட்டி வாதாடுவது?

சாட்சியை அழைத்தவரே முதல் விசாரணையில் விடையை ஊட்டும் கேள்வி கேட்கலாகாதென்று நியாயஸ்தலத்தில் ஆட்சேபிக்கலாம். விடையை அமுக்கிவிடும் கேள்வியை ஆட்சேபிக்கக் கிராமத்துத் திண்ணையில் எவர் இருக்கிறார்?

1991ஆம் வருஷத்துக் கணக்கில், குடும்ப நிலத்திலோ தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் சேர்த்தி என்ற பொருள்படும் சொற்கள் கேள்வியிலேயே சேர்க்கப்பட்டன. மாதர் இயக்கத்தார் வற்புறுத்தியதன் பலன் அது. மெத்த நல்ல திருத்தம். எனினும் பொழுது சாயுமுன் அடுத்த தெருவையும் முடிக்கவேண்டிய உபாத்தியாயர், 'அம்மா வேலைக்குப் போகுதா?' என்று மூன்று வார்த்தையில் சுருக்கிவிட்டால் அச்சிட்ட சொற்களால் பிரயோஜனம் என்ன? அவரை நாம் குறைகூறவில்லை. பள்ளிக்கூட வேலையோடு இதையும் அவர் தலையில் சுமத்தியிருக்கிறார்கள்.

2027 மார்ச் 1ந் தேதியைக் கணக்கு நாளாகக் கொண்ட ஜனத்தொகைக் கணக்கெடுப்பை 2025 ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் அறிவித்தனர். அதற்கும் இனி வரும் கணக்குகளுக்கும் நாம் கோருவது இதுவே. 'வேலை' என்ற ஒரு சொல்லை நம்பியிராமல், நட்டீர்களா, களையெடுத்தீர்களா, முடைந்த கீற்றை விற்றீர்களா, எத்தனை மாதம் என்று தனித்தனியே, அவளிடமே கேட்கவேண்டும். கேள்விகளை டில்லியில் முடிவு செய்யுமுன் இத்தகைய கிராமங்களில் சில வீடுகளிலாவது கேட்டுப் பார்த்து, ஜனங்கள் எவ்வாறு பொருள்கொள்கிறார்கள் என்றறிந்து திருத்தவேண்டும். காலதாமதமாகுமென்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆகட்டுமே, பத்து வருஷத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டிய கேள்விதானே?