பொறுமை என்கிற பாடம் யாருக்கு?

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் கல்லூரிகளில் வகுப்பெடுக்கிறார்கள். நிச்சயமின்மையை எப்படித் தாங்குவது என்று வகுப்பு. மூச்சை இழுத்து விடு, நம்பிக்கையை விடாதே, வரவேண்டியது வரும். போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் நடந்த இப்படியொரு கூட்டத்தில் பேச வந்த அய்யா ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போனார். "கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்குக் காத்திருக்கச் சொல்லித் தரணுமா? நீங்க வானம் பாத்த பூமிக்காரங்க ஆச்சே!" எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை.

வானம் பார்த்த பூமிதான். ஆனால் யாருடைய பூமி? மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தவர் நிலம் வைத்திருந்தவர். என் ஆத்தா காத்திருந்தது மழைக்கு அல்ல. மழை பெய்தால் களையெடுக்கக் கூப்பிடுவார்களா என்பதற்கு. பெய்யாத வருசம் தீப்பெட்டி ஆபீசில் போய்க் கட்டை அடுக்கினாள். கரிசல் மண்ணின் காத்திருப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அதற்குள்ளும் சாதி இருக்கிறது என்பதை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. மழையை யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. ஆய்வு இடத்தையும் உதவித்தொகையையும் பூட்டி வைத்திருப்பவர்களுக்குப் பதவி இருக்கிறது, மேசை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவர்கள் உண்டாக்குகிற நிச்சயமின்மைக்கு இயற்கையின் பெயரைச் சூட்டி, தாங்கிக்கொள்ளும் பயிற்சியை நமக்குத் தருவது என்ன நியாயம்?

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2016 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வில் 50 சதவீதம் எடுப்பது வெறும் தகுதி; அதைத் தாண்டியபின் நேர்முகம் சொல்வதுதான் முடிவு. ராத்திரி பகலாகப் படித்து எழுதிய மதிப்பெண்ணை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்ன விதி. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன், சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லை என்று எழுதினான். சில நாட்களில், 2017 மார்ச்சில், இறந்துபோனான். 2018இல் விதியை மாற்றி எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்றார்கள். இடையில் போன பிள்ளைகளின் வருடங்களுக்கு யார் கணக்கு?

2022 நவம்பரில் எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டார்கள். எம்.ஏ. முடித்த கையோடு உள்ளூரிலேயே ஓராண்டு ஆய்வென்றால் என்னவென்று பழகிக்கொள்ள நம் பெண்பிள்ளைகளுக்கு இருந்த படிக்கட்டு அது.

பிறகு நெட். 2024இலிருந்து அந்த மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் என்று அறிவித்தார்கள். ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மறுநாள் தேர்வு ரத்து. வினாத்தாள் முன்பே வெளியானதாகக் காட்டிய படம் வெட்டி ஒட்டியது என்று பிறகு மத்தியப் புலனாய்வுத் துறையே கண்டுபிடித்தது. ஆகஸ்டில் தொடங்கி மறுதேர்வு. எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி முதல் தேர்வுக்கு இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறுதேர்வுக்கு இன்னும் இரண்டு நாள். அவளிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லுங்கள் பார்ப்போம். இத்தனைக்கும் தமிழில் ஆய்வு செய்ய விரும்புகிறவள், அந்தத் தேர்வின் முதல் தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வாசிக்க வேண்டும். தமிழுக்காக மேடையில் கத்துகிற பேராசிரியப் பெருமக்கள் இதைப்பற்றி வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

"எல்லாரும்தானம்மா காத்திருக்காங்க, இதுல என்ன தலித்து?" என்று கேட்கிறார்கள். காத்திருக்கிறார்கள்தான். அப்பாவின் பென்சனில் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பதும், தம்பியின் மில் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பதும் ஒன்றா? முன்னதற்குப் பெயர் தயாரிப்பு. பின்னதற்குப் பெயர் "இன்னும் என்னத்தப் படிக்கா அவ?"

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்முகத்துக்குப் போனேன். நாலு நிமிசம். கேட்டது ஒரே கேள்வி: "தலித் இலக்கியம்னு தனியா எதுக்கு? நந்தனாரைப் பாடலையா நம்ம ஆட்கள்?" பாடினார்கள், நந்தனை நெருப்பில் இறக்கிவிட்டுப் பாடினார்கள் என்றேன். நன்றி, போகலாம் என்றார்கள். ஏழு மாதமாகியும் தேர்வானேனா இல்லையா என்று ஒரு வரி வரவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன். பதில் சொல்லாமல் விடுவதும் அதிகாரம்தான். அதில் விலக்கியவரின் கையெழுத்து எங்கும் பதியாது.

வெளிநாடு போகலாமே என்பவர்களுக்கும் ஒரு செய்தி. நம் மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954 முதல் இருக்கிறது. 2022இல் வந்த புதிய நெறிமுறை, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றது. பரோடா அரசின் உதவியில் 1913இல் கொலம்பியா போன அண்ணல் அம்பேத்கர், 1916 மே மாதம் அங்கே வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளைப் பற்றியது. இன்றைக்கு அவர் இந்தத் தலைப்போடு விண்ணப்பித்தால் தள்ளுபடி. விதிக்கு உட்பட்டுத் தேர்வானவர்களுக்காவது நிம்மதி உண்டா? 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் தந்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வகுப்பு தொடங்குகிற தேதி நம் நிதித்துறைக்காக நிற்குமா?

ஆகவே தோழர்களே, மனத்தைத் தேற்றுகிற வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். விண்ணப்பித்த தேதி, நேர்முகம் நடந்த தேதி, கேட்ட கேள்வி, உள்ளே இருந்த நிமிசம், உதவித்தொகை வந்த தேதி, வராத மாதம் இவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, எழுத்துக்கு எத்தனை, நேர்முகத்துக்கு எத்தனை, சுழற்சிமுறையில் நம் இடம் யாருக்குப் போனது என்று கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் குப்பையில் போடுவார்கள். ஒரே துறைக்கு இருபது பேர் கேட்டால் கோப்பைத் தூசி தட்டியாக வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். என் மனுவை அனுப்பி 21 நாளாகிறது.