பிஞ்சுத் தண்டுவடமும் நம் கடமையும்

தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குழந்தையை வண்டியில் ஏற்றுபவர், அதன் உயிருக்கும் உடலுக்கும் முழுப் பொறுப்பையும் ஏற்கிறார். நாட்டின் சட்டமும் இந்த அறத்தையே வலியுறுத்துகிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஈருருளியில் அழைத்துச் செல்வோர், அதற்குத் தலைக்கவசம் அணிவித்து, ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் பூட்டி, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் செல்ல வேண்டும் என்னும் விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது.

அவ்விதியின் தேவையைக் குழந்தையின் உடலமைப்பே உணர்த்தும். உடலை நோக்கத் தலை பெரிதாகவும், கழுத்துத் தசைகள் வலுவற்றும், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் நெகிழ்ந்தும் இருப்பதால், எட்டு வயதுக்கு உட்பட்டோரின் தண்டுவடக் காயம் பெரும்பாலும் மேற்கழுத்தில் நேர்கிறது. எலும்பு முறியாமலே தண்டுவடம் சிதையலாம். எக்ஸ்ரே படம் குறையற்றதாகத் தோன்றலாம். கைகால் தளர்ச்சி சில நாள் கழித்தும் வெளிப்படலாம். 1982-இல் பாங், வில்பர்கர் என்னும் மருத்துவர்கள் விளக்கிய உண்மை இது. ஆதலால், விழுந்த குழந்தை எழுந்து நடந்தது என்பதோ, படத்தில் பழுதில்லை என்பதோ கவலையைக் கைவிடப் போதிய காரணமாகாது.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சேலம் சாலை வந்து சேரும், கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டை, இவ்வுண்மையை முதலில் கற்க வேண்டிய ஊர். அடிபட்ட குழந்தையை வாரியெடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் விரைவது நம் இயல்பு. ஆனால், காயமுற்ற கழுத்து அசையும்போது, எஞ்சியிருக்கும் தண்டுவடமும் கெடக்கூடும். தீயோ மூச்சுத்திணறலோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாதவிடத்து, தலையும் கழுத்தும் அசையாதவாறு பற்றிக்கொண்டு 108 ஊர்தியை வரவழைப்பதே முறை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. எவரும் தயங்க வேண்டியதில்லை.

உயிர் பிழைத்ததோடு கடமை முடிவதில்லை. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் உருவாகக் காரணமானார். 1975-இல் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மறுவாழ்வு கிட்டினால் மனிதர் எத்துணை உயர்வர் என்பதற்கு இவ்விருவரும் சான்று. குழந்தைக்கோ, வளரும் முதுகெலும்பு கோணாமல் காக்கவே பல்லாண்டுக் கண்காணிப்பு தேவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக் குடும்பங்கள் அதற்காக வேலூருக்கும் ஆய்க்குடிக்கும் அலைய வேண்டும் என்பது நீதியன்று.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கான தண்டுவட மறுவாழ்வுப் பிரிவை அரசு அமைக்க வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடைக்காரர்க்கும் ஓட்டுநர்க்கும் முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும். பெற்றோரோ, அரசுக்குக் காத்திராமல், இன்றே குழந்தைக்குத் தலைக்கவசமும் பட்டையும் அணிவிக்க வேண்டும்.